ஒண்ணரை லட்சம் குடுத்து ரிக் வாங்கறோம், என்ன தரம் எதிர்பாக்கலாம்? புதுசு, பழசு, சைனா, கிட்: எது யாருக்கு

போன மாசம் மதுரைப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி போன் பண்ணாரு, புதுசா ஹேம் ரேடியோ லைசன்ஸ் வந்திருக்கு, ஜெனரல் கிரேடு, ரிக் (டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒண்ணா இருக்கற ரேடியோ செட்) வாங்க வீட்ல பேசி ஒண்ணரை லட்சத்துக்கு ஓகே வாங்கிட்டாராம். "அண்ணே, இவ்ளோ காசு குடுத்தா பொருள் பர்ஃபெக்டா தானே வரும்?"ன்னு கேட்டாரு. இதே கேள்விய வேற வேற வார்த்தைல இந்த வருஷம் மட்டும் நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க. ஒருத்தர் புதுசா பழசான்னு மாட்டிக்கிட்டு இருக்காரு, ஒருத்தர் சைனா ரிக் ரெண்டு வாங்கற காசுல ஜப்பான் ரிக் ஒண்ணு எதுக்குன்னு கேக்கறாரு, இன்னொருத்தரு கிட் வாங்கி நாமளே சால்டர் பண்ணிக்கலாமேங்கறாரு. தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடறேன்.

முதல்லயே என் கருத்த சொல்லிடறேன், பிடிக்கலன்னா இங்கயே மூடிட்டு போயிடலாம். விலை ஏற ஏற பழுது குறையும்னு நினைக்கறது பாதி தான் சரி. ஒரு அளவுக்கு மேல நீங்க குடுக்கற காசு பழுது வராம இருக்கறதுக்கு இல்ல, பழுது வந்தா அத பாக்க ஒரு ஆள் இருக்கறதுக்கு. அந்த ஆள் ஒசாகாலயோ கலிஃபோர்னியாலயோ இருந்து நீங்க திண்டுக்கல்ல இருந்தா, அந்தக் காசுல எவ்ளோ உங்களுக்கு நெஜமா உதவும்னு கணக்கு போட்டுப் பாக்கணும்.

## எத வெச்சு எடை போடறது

நான் பாக்கறது நாலு விஷயம்.

ஒண்ணு, பெட்டியத் திறக்கற அன்னிக்கு அது எந்த நிலைல இருக்கும், அதாவது ஃபேக்டரில எவ்ளோ டெஸ்ட் பண்ணி அனுப்பறாங்க. ரெண்டு, பழுது வந்தா அது யார் கைக்குப் போகும், எவ்ளோ நாள்ல திரும்பி வரும். மூணு, டிரான்ஸ்மிட் பண்ணும்போது சிக்னல் சுத்தமா இருக்கா. இது உங்க பிரச்சன மட்டும் இல்ல, பக்கத்து பேண்ட்ல (15 மீட்டர், 40 மீட்டர்னு பிரிச்சு வெச்ச அலைவரிசை) கேக்கறவன் பிரச்சனயும் தான். நாலு, பில்லுல இல்லாத செலவு.

இதுல ரிசீவர் எவ்ளோ நல்லா கேக்குதுங்கறத நான் வேணும்னே சேக்கல. அதுக்கு அமெரிக்காவுல ஷெர்வுட்ங்கறவரு ரிசீவர்ங்கள அளந்து போடற அட்டவண இருக்கு, அங்கத்த ஹேம் சங்கமான ஏஆர்ஆர்எல்லோட லேப் அளந்து போடற ரிவ்யூ இருக்கு, யார் வேணா பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, அந்த லேப்ல அளக்கறது ஒரே ஒரு பீஸ். அவங்க அத கம்பெனி கிட்ட ஓசியில வாங்காம கடைல காசு குடுத்து வாங்கறது நல்ல பழக்கம் தான். இருந்தாலும் அந்த மாடல் டிசைன் எப்படின்னு தான் அது சொல்லும், உங்க வீட்டுக்கு வர்ற பீஸ்ல சால்டர் ஒழுங்கா இருக்கான்னு சொல்லாது. டிசைன் தரம் வேற, தயாரிப்புத் தரம் வேற, இத ரெண்டையும் ஒண்ணா குழப்பிக்கிட்டு தான் நெறைய பேர் ஏமாறறாங்க.

## புதுசு, ஜப்பான் பிராண்ட்

ஐகாம், யேசு, கென்வுட். இந்த பட்ஜெட்ல எல்லாரும் முதல்ல சொல்றது ஐகாம் ஐசி-7300 தான், 2016ல வந்தது, 100 வாட், சிக்னல நேரா டிஜிட்டலா மாத்தற டைரக்ட் சாம்பிளிங், டச் ஸ்கிரீன். அதுக்குப் போட்டியா யேசு எஃப்டிடிஎக்ஸ்10, 2022ல வந்த எஃப்டி-710. மூணுமே நல்ல ரிக், எது நல்லதுன்னு சண்ட போட நான் வரல.

இங்க என்ன எதிர்பாக்கலாம்? அலைன்மெண்ட் சரியா இருக்கணும், எல்லா பேண்ட்லயும் சொன்ன பவர் வரணும், ஃப்ரீக்வென்சி ஸ்பெக்குக்குள்ள இருக்கணும். 7300க்கு ஐகாம் சொல்றது பிளஸ் மைனஸ் 0.5 பிபிஎம் (ppm, பத்து லட்சத்துல ஒரு பங்கு), அதாவது 10 மெகாஹெர்ட்ஸ்ல 5 ஹெர்ட்ஸ், 28 மெகாஹெர்ட்ஸ்ல 14 ஹெர்ட்ஸ். இதெல்லாம் நியாயமான எதிர்பார்ப்பு, இல்லன்னா திருப்பிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஸ்கிரீன்ல ஒரு சின்னப் புள்ளி, நாப் லேசா ஆடுது, ஃபேன் சத்தம் நண்பன் ரிக்க விட அதிகம், இதெல்லாம் எந்த விலைல வாங்கினாலும் ஒண்ணு ரெண்டு வரும், அதுக்குப் போய் சண்ட போட்டு பெட்டிய திருப்பி அனுப்பினா வர்ற அடுத்த பீஸ்ல வேற ஏதாவது இருக்கும்.

எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு ஒரு குணம் உண்டு, கெட்டுப் போறதா இருந்தா ஒண்ணு ஆரம்பத்துல போகும், இல்ல ரொம்ப வயசாகிப் போகும், நடுவுல அமைதியா இருக்கும். அதனால தான் முதல் ஒரு மாசம் முக்கியம். ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, ரிக் வந்ததும் ஆன்டெனா இன்னும் ஏத்தலன்னு பெட்டியோட பீரோ மேல வெச்சுடறாங்க, ஆறு மாசம் கழிச்சு மொட்டமாடில டைபோல் கட்டிட்டு ஆன் பண்றப்போ தான் 15 மீட்டர்ல பவர் வரலன்னு தெரியுது, அதுக்குள்ள கடைக்காரரு மாத்திக் குடுக்கற காலம் எப்பவோ முடிஞ்சிருக்கும்.

என் கதையே அதான். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், பெரிய பிராண்ட், புது ரிக், வெளிநாட்டுல இருந்து முறையா லைசன்ஸ் வாங்கி வரவழச்சது. உள்ள இருக்கற, ஆன்டெனாவ ரிக்கோட பொருத்தற ட்யூனர்ல ஒரு ரிலே 40 மீட்டர்ல மட்டும் ஒட்டிக்கிச்சு. விக்கறவரு மெயில்ல மரியாதையா தான் பேசினாரு, "அனுப்புங்க, ஃப்ரீயா பாத்துத் தர்றோம்"னாரு. ஃப்ரீ தான், ஆனா போக வர கூரியர், ரிப்பேருக்காக வெளிய போயி திரும்ப வருதுன்னு காட்டற பேப்பர், நடுவுல கஸ்டம்ஸ்ல உக்காந்தது, எல்லாம் சேத்து நாலு மாசம் ஓடிடுச்சு. ரிலே விலை சில நூறு ரூபா. அடுத்த தடவ வாரண்டிய மறந்துட்டு நானே திறந்துடுவேன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்.

அதனால பெட்டி வந்த வாரமே ஆன்டெனா இல்லன்னாலும் பரவால்ல, ஆன்டெனாவுக்கு பதிலா பவர வாங்கிக்கற ஒரு 100 வாட் டம்மி லோடும் பவர் மீட்டரும் வெச்சு ஒவ்வொரு பேண்டாப் போயி பத்து செகண்ட் கேரியர் விட்டுப் பாருங்க, பவரும் இழுக்கற ஆம்பியரும் குறிச்சு வைங்க. 10 மெகாஹெர்ட்ஸ்ல சைனாவோட டைம் ஸ்டேஷன் BPM நம்மூர்ல கேக்கும், சிடபிள்யூல (மோர்ஸ் மோட்) வெச்சு ஜீரோ பீட் பண்ணா, அதாவது ரெண்டு ஒலியும் ஒண்ணா சேர்ற மாதிரி ட்யூன் பண்ணா, ஃப்ரீக்வென்சி எவ்ளோ தள்ளி இருக்குன்னு தெரிஞ்சுடும். டம்மி லோட கழட்டிட்டு ஒரு அஞ்சு மீட்டர் ஒயர சொருகினா இரைச்சல் சட்டுன்னு ஏறணும், எந்த பேண்ட்ல ஏறலயோ அங்க ரிசீவர் பக்கம் ஏதோ இருக்கு. பின்னாடி ஆன்டெனா சாக்கெட் கைல ஆடுதான்னு பாருங்க. ட்யூனர ஒவ்வொரு பேண்ட்லயும் நாலு தடவ ஓட விடுங்க, எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேணாம். தினம் ரெண்டு மணி நேரம் ஆன்ல விடுங்க, சூடாகி ஆறி சூடாகி ஆறினா தான் மட்டமான சால்டர் வாயத் திறக்கும்.

மறைமுக செலவுன்னு பாத்தா முதல்ல பவர் சப்ளை. 7300 முழு பவர்ல 21 ஆம்பியர் இழுக்கும், அதனால 13.8 வோல்ட் 30 ஆம்பியர் சப்ளை வேணும். அது மட்டமா இருந்தா ரிக்ல எவ்ளோ நல்ல குவாலிட்டி கண்ட்ரோல் இருந்தும் பிரயோஜனம் இல்ல, வோல்டேஜ் எகிறினா ரிக்கு தான் போகும். அப்புறம் மத்திய அரசோட வயர்லெஸ் பிரிவான டபிள்யூபிசி தர்ற இம்போர்ட் லைசன்ஸ், சுங்க வரி. வாரண்டி பெரும்பாலும் நீங்க வாங்கின நாட்டோட தான் நிக்கும், அமெரிக்கா மாமா கொண்டு வந்த ரிக்க இந்திய டீலர் கிட்ட நீட்டினா அவரு கைய விரிப்பாரு, அதுல அவரு தப்பு ஒண்ணும் இல்ல. இந்தியாவுல பில் போட்டுத் தர்ற டீலர் கொஞ்சம் கூட சொன்னாலும் அந்த வித்தியாசத்துக்கு நான் கண்ண மூடிட்டு சரின்னுடுவேன்.

இது யாருக்கு: அடுத்த பத்து வருஷம் ஒரே ரிக்கு தான்னு இருக்கறவங்க, சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியாதவங்க, தினம் எஃப்டி8ங்கற கம்ப்யூட்டர் டிஜிட்டல் மோட ஓட விடறவங்க.

## அதுக்கும் மேல, நாலு லட்சம் அஞ்சு லட்சம்

சுருக்கமா சொல்லிடறேன், கேட்டவங்கள்ல ஒருத்தருக்குத் தான் இது. எலகிராஃப்ட் கே4, ஃப்ளெக்ஸ், ஐகாமோட பெரிய ரிக்குங்க. விலை மூணு மடங்குன்னா தரமும் மூணு மடங்குன்னு நினைக்காதீங்க. நீங்க குடுக்கற கூடுதல் காசு பக்கத்துலயே கத்தற பெரிய சிக்னலுக்கு நடுவுல சின்ன சிக்னல் கேக்கறதுக்கு, ரெண்டு ரிசீவருக்கு, ஸ்கிரீனுக்கு. இந்த மாதிரி ரிக் கம்மியா தான் தயாரிக்கறாங்க, உள்ள பாகம் அதிகம், சாஃப்ட்வேர் அதிகம். கெட்டுப் போகக்கூடிய இடமும் அதுக்கேத்த மாதிரி அதிகம். 2019ல அறிவிச்ச கே4ல சில வசதிங்க ரிக் கைக்கு வந்தப்புறம் ஃபர்ம்வேர் அப்டேட்ல தான் ஒண்ணொண்ணா வந்துச்சு. அத தப்புன்னு சொல்லல, இப்ப எல்லாமே அப்படித்தான், ஆனா முதல் பேட்ச் வாங்கறவரு பாதி டெஸ்டர் வேலையும் பாக்கறாரு. எந்த மாடலா இருந்தாலும் வந்து ஒரு வருஷம் போகட்டும்னு நான் சொல்றது அதனால தான்.

எலகிராஃப்ட் மாதிரி சின்னக் கம்பெனில ஒரு சொகம் இருக்கு, மெயில் போட்டா டிசைன் தெரிஞ்ச ஆளே பதில் போடுவாரு. நம்மூர் எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், சோலார் இரைச்சல்ல சிக்னல் மீட்டரு எஸ்7 எஸ்8ல எப்பவும் நிக்கற ஃப்ளாட்ல இருந்துட்டு இத வாங்கினா அந்த ரிசீவர் பாவம்.

## பழசு

இங்க தான் நெறைய சொல்லணும். பழைய ரிக்ல ஒரு நல்லது, ஆரம்பத்துல சாக வேண்டியது செத்துப் போயிருக்கும், தப்பிச்சது தான் உங்க கிட்ட வருது. கெட்டது என்னன்னா அந்த மாடலுக்குன்னு ஒரு ஜாதக தோஷம் இருக்கும், அது தெரியாம வாங்கினா தொலைஞ்சீங்க.

உதாரணத்துக்கு யேசு எஃப்டி-817. 2000 வாக்குல வந்தப்போ முதல் பேட்ச்ங்கள்ல பவர் குடுக்கற ஃபைனல் டிரான்சிஸ்டர் போறது ஊரறிஞ்ச கதை, பின்னாடி தான் சரி பண்ணாங்க, 2004ல என்டி மாடல் வந்துச்சு. எஃப்டி-857, 897ல ஆரம்ப கால டிஸ்ப்ளேல வரிக்குதிரை மாதிரி கோடு விழும். கென்வுட் டிஎஸ்-440ல ஃப்ரீக்வென்சிய உண்டாக்கற விசிஓ பாகத்து மேல ஊத்தின பசை வருஷம் ஆக ஆக கெட்டுப் போயி கரண்ட் கடத்த ஆரம்பிக்கும், டிஸ்ப்ளேல நம்பருக்கு பதிலா புள்ளி புள்ளியா நிக்கும். ஐகாம் ஐசி-745, 751ல ரேம் போர்டு மேல ஒரு லித்தியம் பேட்டரி, அது தீந்துச்சுன்னா மெமரி மட்டும் இல்ல, ரிக்கோட மூளையே அழிஞ்சிடும். இவ்ளோவும் அந்தக் காலத்துல நல்ல விலைக்கு, நல்ல பேரோட, ஜப்பான் ஃபேக்டரில இருந்து வந்ததுங்க தான். பசை பதினஞ்சு வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு எந்த ஃபேக்டரி டெஸ்ட்லயும் தெரியாது.

இதனால 440 வாங்காதீங்கன்னு அர்த்தம் இல்ல. தோஷம் தெரிஞ்சதுன்னா பரிகாரமும் தெரியும், பசைய சுரண்டிட்டு சரி பண்ண 440ங்க இன்னிக்கும் ஆன் ஏர்ல இருக்கு. விக்கற ஹேம் கிட்ட நேரா கேளுங்க, "இத செஞ்சாச்சா?"ன்னு. செஞ்சவரு உடனே போட்டோ காட்டுவாரு, செய்யாதவரு "நல்லா ஓடுதுங்க"ம்பாரு.

கடலோரத்துல இருந்து வர்ற ரிக்கா இருந்தா மூடிய கழட்டிப் பாருங்க. நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னைல பெசன்ட் நகர் பக்கம்லாம் உப்புக் காத்து ஸ்க்ரூ தலைலயே தெரிஞ்சுடும், வெள்ளையா பூத்திருந்தா உள்ள கனெக்டரும் அப்படித்தான் இருக்கும். இடி விழுந்த ரிக்க வெளிய பாத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆனா ஒரு பேண்ட்ல மட்டும் காது மந்தமா இருந்தா சந்தேகப்படணும். டம்மி லோட கைல எடுத்துக்கிட்டு விக்கறவர் வீட்டுக்கே போயி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க, நல்ல ஆளா இருந்தா காப்பி குடுத்து உக்கார வெப்பாரு. ஹேம்ஃபெஸ்ட்ல (ஹேம்ங்க கூடற கூட்டம்) மேஜைல பேட்டரில லைட் எரியறத மட்டும் பாத்து காசு குடுக்காதீங்க.

பேப்பர மறந்துடாதீங்க. ரிக் எப்படி நாட்டுக்குள்ள வந்துச்சு, பில் இருக்கா, இம்போர்ட் லைசன்ஸ் காப்பி இருக்கா, எல்லாம் வாங்கி வெச்சுக்கங்க. இது இல்லாத ரிக் பாதி விலைன்னாலும் எனக்கு வேணாம்.

மறைமுக செலவு இதுல மனுஷன் தான். உங்க ஊர்ல பழைய ரிக்க திறந்து பாக்கற எல்மர் (கத்துக் குடுக்கற மூத்த ஹேம்) ஒருத்தரு இருந்தா பழசு தான் மொத்தத்துலயே நல்ல பேரம், இல்லன்னா அதே ரிக் உங்களுக்கு பேப்பர் வெயிட்.

## சைனா

சியேகு ஜி90 மாதிரி ரிக்குங்க. 20 வாட், ட்யூனர் உள்ளயே, ஜப்பான் ரிக்ல மூணுல ஒரு பங்கு விலைக்குப் பக்கம். "20 வாட்ட வெச்சு என்ன பண்றது"ன்னு சிரிக்கறவங்களுக்கு ஒரு கணக்கு, 100க்கும் 20க்கும் வித்தியாசம் 7 டெசிபெல், எதிர்முனை சிக்னல் மீட்டர்ல ஒரு படிய (எஸ் யூனிட்) விட கொஞ்சம் அதிகம், அவ்ளோ தான். ஆன்டெனாவ அஞ்சு மீட்டர் தூக்கிக் கட்டினா பல நேரம் அது திரும்பி வந்துடும்.

தரம்னு பாத்தா பேட்சுக்கு பேட்ச் மாறும். ஒருத்தருக்கு மூணு வருஷம் மழைல வெயில்ல தூக்கிட்டுப் போயும் ஒண்ணும் ஆகல, இன்னொருத்தருக்கு ரெண்டாவது வாரமே ட்யூனிங் நாபுக்குப் பின்னாடி இருக்கற என்கோடர் தாவுது. பழுது வந்தா சர்வீஸ்னு ஒண்ணு இல்லன்னே வெச்சுக்கங்க. ஆனா வாங்கும்போதே அது தெரிஞ்சு தான வாங்கறோம், அந்த விலைல அந்த எதிர்பார்ப்பு போதும்.

சிக்னல் சுத்தம் தான் நான் இங்க கறாரா பாக்கறது. ஏஆர்ஆர்எல் லேப் ஆளுங்க ஹேம்ஃபெஸ்ட்டுக்கு வந்தவங்க கைல இருந்த ஹேண்டி செட்டுங்கள அளந்து பாத்தப்போ ஜப்பான் பிராண்டுங்க பாஸ் ஆச்சு, சைனா பாவ்ஃபெங்ல பெரும்பங்கு ஃபெயில். அது விஹெச்எஃப் (30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல) ஹேண்டி கதை, ஹெச்எஃப் (30க்குக் கீழ) ரிக்குக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் பேர் தெரியாத பிராண்ட் வாங்கும்போது யாராவது ஸ்பெக்ட்ரம் அனலைசர்ல வெச்சுப் பாத்த படம் இருக்கான்னு தேடுங்க. அமெரிக்க ரேடியோ ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசியோட விதி 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ குப்ப சிக்னல் 43 டெசிபெல் கம்மியா இருக்கணும்ங்குது, 100 வாட்ல அது வெறும் 5 மில்லிவாட்.

யாருக்கு: ரெண்டாவது ரிக்கா, மலைக்குத் தூக்கிட்டுப் போக, இந்த ஹாபி ஒட்டுமா ஒட்டாதான்னு பாக்கறவங்களுக்கு. ஜெனரலுக்குக் கீழ இருக்கற ரெஸ்ட்ரிக்டட் கிரேடு ஆளுங்களுக்கு எப்படியும் உச்சவரம்பு 50 வாட் தான், அவங்க 100 வாட் ரிக்குக்கு இப்பவே ஏங்க வேண்டியதில்ல.

## கிட்

நம்ம நாட்டு பெருமையச் சொல்லணும்னா ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் (கால் சைன் வியு2ஈஎஸ்ஈ), அவரோட பிட்எக்ஸ் கிட் வரிசை. மைக்ரோ பிட்எக்ஸ் வந்தப்போ 109 டாலர், 3ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ், பத்து வாட் கிட்ட, கடைசி ஸ்டேஜ்ல பவர் குடுக்கறது ஐஆர்எஃப்510, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கற சாதா மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். போச்சுன்னா இன்னொண்ணு போட்டுக்கலாம்.

குவாலிட்டி கண்ட்ரோல்னா என்னன்னு எனக்கு கத்துக் குடுத்ததே இந்த ரிக் தான். 3, 4ஆம் வெர்ஷன்ல லோ பாஸ் ஃபில்டர் ரிலேங்க வழியா சிக்னல் ஒழுகி ஹார்மோனிக்ஸ் (மடங்கு ஃப்ரீக்வென்சில வர்ற குப்ப சிக்னல்) விதிமுறைக்கு மேல போகுதுன்னு வாங்கின ஹேம்ங்களே அளந்து கண்டுபிடிச்சாங்க. மூடி மறைக்கல, திறந்த டிசைன் ஆச்சே, எல்லாரும் சேந்து ரிலே மாத்தி ட்ராக் வெட்டி வழி சொன்னாங்க, 5ஆம் வெர்ஷன்ல போர்டுலயே சரி ஆச்சு. பெரிய கம்பெனி ரிக்ல இப்படி ஒரு குற பத்தி சர்க்யூட்ட விரிச்சு வெச்சு பேச முடியுமா? அதே சமயம் அஞ்சாவது வெர்ஷனுக்கு முந்தைய போர்டு யாராவது சல்லிசா விக்கறாங்கன்னா அந்த வேலை உங்க தலைல தான்.

மறைமுக செலவு நேரம். டப்பா, நாப், ஹீட் சிங்க், மல்டிமீட்டர், ஆர்எஃப் ப்ரோப், அப்புறம் ஞாயித்துக்கிழமைங்க. இதுல குவாலிட்டி கண்ட்ரோல் டிபார்ட்மெண்ட் நீங்க தான், ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல வெச்ச சால்டருக்கு யார் கிட்டயும் புகார் குடுக்க முடியாது.

## ஸ்பேர் பத்தி ஒரு வார்த்த

2020 அக்டோபர்ல ஜப்பான் நோபியோகால ஏகேஎம் கம்பெனியோட சிப் ஃபேக்டரி தீப்பிடிச்சு எரிஞ்சுது. சிக்னல டிஜிட்டலா மாத்தற ஏடிசி, ஆடியோ சிப், ஃப்ரீக்வென்சிய நிலையா வெக்கற டிசிஎக்ஸ்ஓவுக்கான சிப்னு ரேடியோக்காரங்க எல்லாம் அத நம்பி இருந்தாங்க, ஜப்பான் ரிக்குங்க கடைல கிடைக்காம மாசக்கணக்குல காத்திருக்க வேண்டி வந்துச்சு. அதனால ரிக் வாங்கும்போது அந்த மாடல் இன்னும் தயாரிப்புல இருக்கா, நெறைய பேர் கைல இருக்கான்னு பாக்கறேன். ஊர்ல பத்து பேர் வெச்சிருக்கற ரிக்குக்கு செத்த ரிக்ல இருந்தாவது ஸ்பேர் கிடைக்கும்.

## அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன்

மதுரைல அவருக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவரு முப்பது வருஷமா ரிக் ரிப்பேர் பண்றவரு. அது தெரிஞ்சதும் என் பதில் மாறிடுச்சு. புதுசுக்கு வெச்ச ஒண்ணரை லட்சத்துல பாதிக்கு, பெரியவரே திறந்து பாத்து சரின்னு சொன்ன ஒரு பழைய 100 வாட் ரிக், நல்ல 30 ஆம்பியர் சப்ளை, டம்மி லோடு, பவர் மீட்டர், மிச்சம் ஆன்டெனாவுக்கும் எர்த்துக்கும்னு சொன்னேன். பெரியவரு இல்லாம இருந்திருந்தா இந்திய பில்லோட புது ரிக் தான் சொல்லிருப்பேன், கொஞ்சம் கூட யோசிச்சிருக்க மாட்டேன்.

முந்தாநேத்து காலைல 40 மீட்டர்ல கூப்பிட்டாரு. சிக்னல் ரிப்போர்ட் 59, அதாவது தெளிவா பலமா தான், ஆடியோ அழகா இருந்துச்சு, பின்னாடி மட்டும் லேசா ஒரு ஹம். ரிக் மேல பழி போடறதுக்கு முன்னாடி எர்த் ராடுக்குப் போற ஒயர பாக்கச் சொல்லிருக்கேன், ஞாயித்துக்கிழம பாத்துட்டு சொல்றேன்னிருக்காரு.